கேள்வி உங்களுடையது: கழுகுக் கூடும் கண்விழித்த இரவுகளும்

போன இதழில் தூக்கமின்மை பற்றி ஒருவர் கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுதும்போது, "எனக்கும் ராத்திரி ஒரு மணி வரை தூக்கம் வராது, கலிஃபோர்னியாவில் ஒரு கழுகுக் கூட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்தக் கழுகைப் பற்றித்தான். தூக்கத்தைப் பற்றிக் கேட்டவர்கள் இரண்டே பேர். "இந்த மாதம் கழுகையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியரும் சொல்லிவிட்டார்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: நான் பாளையங்கோட்டைக்காரி. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள், அதில் பாதிக் காலம் நைட் ஷிப்ட். வேலை முடிந்து பென்ஷனும் வர ஆரம்பித்துவிட்டது, இரவு விழிப்பு மட்டும் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பறவை நிபுணர் அல்ல. பார்ப்பவள், அவ்வளவுதான்.

மதுரை வாசகர்: அந்தக் கூட்டை நானும் பார்க்க வேண்டும். எங்கே கிடைக்கும்? பணம் கட்ட வேண்டுமா? ராத்திரியில்தான் பார்க்க முடியுமா?

காசு கிடையாது. யூடியூபில் 'பிக் பேர் ஈகிள்' என்று தேடுங்கள், முதலில் வந்து நிற்கும். கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மலையில் பிக் பேர் என்று ஓர் ஏரி இருக்கிறது. அதன் பக்கத்துக் காட்டில் ஒரு ஜெஃப்ரி பைன் மரம், 145 அடி உயரத்தில் கூடு. 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் பிக் பேர் வேலி' என்ற தன்னார்வ அமைப்பு 2015ல் அங்கே கேமரா வைத்தது. கூட்டின் சொந்தக்காரி ஜாக்கி. 2018ல் வந்து சேர்ந்த ஆண் ஷேடோ. இரண்டும் வெண்தலைக் கழுகுகள், அமெரிக்க அரசாங்க முத்திரையில் இறக்கை விரித்து நிற்கிறதே, அந்த இனம்.

நேரக் கணக்கு நமக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. குளிர்காலத்தில் அவர்கள் நமக்குப் பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறார்கள். இங்கே இரவுச் சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவி ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் அங்கே காலை ஏழரை. ஷேடோ மீனோடு வருகிற நேரம். நாம் காலையில் காபி போடும்போது அங்கே இருட்டத் தொடங்கும். நைட் ஷிப்ட் பார்த்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பொழுதுபோக்கு கிடையாது.

எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஜனவரிக் கடைசியில் முட்டை, மார்ச் தொடக்கத்தில் குஞ்சு, ஜூன் வாக்கில் பறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டில் போய்ப் பார்த்துவிட்டு, "அம்மா, வெறும் சுள்ளிதான் தெரிகிறது" என்று எனக்கு எழுதக்கூடாது.

சாத்தூர் வாசகி: நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று பார்த்தேன் அக்கா. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. எது ஜாக்கி, எது ஷேடோ?

பெரிதாக இருப்பது ஜாக்கி. கழுகு, வல்லூறு இனங்களில் பெண்தான் உருவத்தில் பெரியது. தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம்தான், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்துவிடும்.

அப்படியும் பிடிபடாவிட்டால் சுள்ளி வைக்கும்போது பாருங்கள். ஷேடோ எங்கிருந்தோ நீளமான கிளை ஒன்றைக் கொண்டுவந்து, திருப்பித் திருப்பிப் பார்த்து ஓரிடத்தில் வைக்கும். ஜாக்கி அதைப் பிடுங்கி இன்னோர் இடத்தில் வைக்கும். ஷேடோ மறுபடியும் முதல் இடத்துக்கே இழுக்கும். ஒரே குச்சிக்குக் கால் மணி நேரம். எங்கள் வீட்டில் பீரோவை எந்தச் சுவரோரம் வைப்பது என்று 1989ல் தொடங்கிய விவாதம் நினைவுக்கு வரும்.

உறையூர் வாசகி: என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அந்தக் கூட்டின் பழைய வீடியோக்களைப் பார்த்தோம். மூன்று குஞ்சுகளில் ஒன்று பனியில் செத்துப்போனதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "இவ்வளவு பேர் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், ஏன் ஒருத்தரும் தூக்கவில்லை?" என்று கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

உங்கள் மகள் கேட்டதுதான் இந்த மாதக் கடிதங்களிலேயே நல்ல கேள்வி. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

அது நடந்தது 2025 மார்ச்சில். அதற்கு முந்தைய வருடத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும். 2024லும் ஜாக்கி மூன்று முட்டை இட்டது. பிப்ரவரியில் பனிப்புயல். அறுபது மணி நேரத்துக்கும் மேலாகக் கூட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லை. முதுகெல்லாம் பனி மூடி, தலை மட்டும் வெளியே தெரிந்தது. இவ்வளவும் செய்து, மூன்றும் கூமுட்டை. எங்கள் ஆச்சி கோழி அடை வைத்தால் இருபத்தோரு நாள் பார்ப்பாள், போனால் போகிறதென்று மேலும் இரண்டு நாள் விடுவாள். பிறகு ஒவ்வொரு முட்டையாகக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்து, களக் களக் என்றால் வேலிப்பக்கம் எறிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாள். கழுகுக்கு அப்படிச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. முப்பத்தெட்டு நாள் கணக்கு தாண்டிய பிறகும் இரண்டும் மாறி மாறி வாரக்கணக்கில் உட்கார்ந்தன. நானும் வாரக்கணக்கில் பார்த்தேன். முட்டாள்தனம்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை.

அதனால்தான் 2025 ஜனவரி 22, 25, 28 என்று மறுபடியும் மூன்று முட்டை விழுந்தபோது உலகம் முழுக்க அவ்வளவு பேர் கூடினார்கள். மார்ச் முதல் பத்து நாளுக்குள் மூன்றும் பொரித்துவிட்டன. மாத நடுவில் புயல். பெற்றவை இரண்டும் இறக்கையை விரித்து மூடிக்கொண்டு உட்கார்ந்தன. பனி நின்றதும் பார்த்தால் இரண்டு தலைதான் ஆடின. மூன்றாவதைக் காணோம். நானும் அழுதேன் என்று மகளிடம் சொல்லுங்கள். அறுபது தாண்டிய கிழவி அழலாம் என்றால் மூன்றாம் வகுப்பு அழுவதில் தவறே இல்லை.

சரி, ஏன் தூக்கவில்லை? 145 அடி மரத்தில், புயலில், ஒருவர் ஏறுகிறார் என்று வையுங்கள். ஆளைக் கண்டதும் ஜாக்கி எழுந்து பறக்கும். அது எழுந்த சில நிமிடங்களில் பாக்கி இரண்டு குஞ்சுகளும் விறைத்துவிடும். அந்த வயதுக் குஞ்சுகளுக்குச் சொந்தச் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது. ஒன்றைத் தூக்கப்போய் மூன்றையும் இழப்பதுதான் நடக்கும். தவிர, அந்தப் பறவைக்கு 1940லிருந்து அங்கே தனிச் சட்டம் இருக்கிறது. கூடு நடக்கும் காலத்தில் கேமராவே பழுதானாலும் மரத்தில் ஏறமாட்டார்கள், பறவைகள் கூட்டை விடும் வரை காத்திருப்பார்கள்.

இன்னொரு காரணத்தையும் அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். 1963ல் அலாஸ்காவை விட்டுவிட்டால், அமெரிக்கா முழுவதிலும் இந்தக் கழுகு 417 ஜோடிகள்தான் மிச்சம் இருந்தன. டிடிடி பூச்சிமருந்து மீன் வழியாகக் கழுகுக்குள் போய் முட்டை ஓட்டை மெலிதாக்கிவிட்டது. அடை உட்கார்ந்தாலே முட்டை நொறுங்கியது. 1972ல் அந்த மருந்தைத் தடைசெய்தார்கள். கழுகு மெல்ல மெல்லத் திரும்பி, 2007ல் அழிவின் பட்டியலிலிருந்தே வெளியே வந்தது. காப்பாற்ற வேண்டிய இடத்தில் காப்பாற்றிவிட்டார்கள். புயல் அவர்கள் கையில் இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கூடும் இருக்கிறது. நியூசிலாந்தில் டனீடன் நகரத்தை ஒட்டிய தையரோவா முனையில் ராயல் ஆல்பட்ராஸ் என்ற கடல்பறவை கூடு வைக்கிறது. இறக்கையை விரித்தால் மூன்று மீட்டர். அங்கே 2016லிருந்து கேமரா ஓடுகிறது. அங்கே மனிதர்கள் எல்லாவற்றிலும் கை வைக்கிறார்கள். பொரிக்கிற நேரத்தில் முட்டையை எடுத்துப்போய் இன்குபேட்டரில் வைத்துவிட்டு, தாய்க்குப் பொம்மை முட்டையைக் கொடுப்பார்கள். ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும் என்ற பயம். பிறகு குஞ்சைக் கொண்டுவந்து அடியில் வைப்பார்கள். வாரா வாரம் எடை. எடை குறைந்தால் ஊட்டிவிடுவார்கள். வெயில் அதிகமானால் தண்ணீர் தெளிப்பார்கள். ஏன் அங்கே மட்டும்? அந்த முனைக்கு நாய், பூனை, கீரி மாதிரியான ஸ்டோட் எல்லாவற்றையும் கொண்டுவந்து விட்டது மனிதர்கள்தான். ஆரம்பத்தில் வந்த பறவைகளின் முட்டைகளை எடுத்துப்போனதும் மனிதர்கள்தான். லான்ஸ் ரிச்டேல் என்று ஓர் ஆசிரியர், விவசாயம் கற்றுத்தருபவர், அந்தக் குன்றிலேயே கூடாரம் அடித்துக் காவல் இருந்தார். 1938ல் முதல் குஞ்சு பறந்தது. நாம் கெடுத்ததற்கு நாம் காவல் நிற்கிறோம் என்பது அங்கே கணக்கு.

எனக்கு இதெல்லாம் எக்ஸ்சேஞ்ச் நாட்களை நினைவுபடுத்துகிறது. டிரங்க் கால் போடும்போது லைன் சரியாக விழுந்ததா என்று ஒரு நொடி கேட்டுப் பார்ப்போம். சில சமயம் அந்த நொடியிலேயே, "அப்பா போயிட்டார்" என்று யாரோ சொல்வது காதில் விழும். நடுவில் பேசக்கூடாது, அது முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி. பிளக்கைக் குத்திய கையை எடுத்துவிட்டு அடுத்த லைனுக்குப் போகவேண்டும். லைன் அறுந்தால் மட்டும் உடனே மறுபடி போட்டுக்கொடுப்போம். அது எங்கள் பொறுப்பு. மரணம் எங்கள் பொறுப்பு அல்ல. இதைப் புரிந்துகொள்ள எனக்கே நாலைந்து வருடம் பிடித்தது. உங்கள் மகளுக்கு அவகாசம் இருக்கிறது.

இப்போதைக்கு ஜூன் மாத வீடியோவைக் காட்டுங்கள். மிச்சம் இருந்த இரண்டும் பறந்துபோனது அந்த மாதத்தில்தான். சன்னி, கிஸ்மோ என்று அவற்றுக்குப் பெயரைத் தேர்ந்தெடுத்தது பிக் பேர் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். அவர்களும் மூன்றாம் வகுப்புதான்.

திருப்பூர் வாசகர்: உங்களால் என் மனைவி இரவு பத்து மணிக்கு மேல் கழுகோடுதான் குடித்தனம். என்ன செய்வது?

பக்கத்தில் போய் உட்காருங்கள். பேச வேண்டாம். முட்டை உருட்டும் நேரத்தில் மட்டும், "உருட்டுது பார்" என்று சொல்லுங்கள். போதும்.

கோவில்பட்டி, எட்டாம் வகுப்பு மாணவர்: ராத்திரியிலும் கூடு தெரிகிறதே. லைட் போட்டால் கழுகுக்குத் தூக்கம் கெடாதா?

அது அகச்சிவப்பு வெளிச்சம் தம்பி. கேமராவுக்குத் தெரியும், கழுகுக்கும் உனக்கும் தெரியாது. அதனால்தான் இரவுப் படம் கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. வீட்டில் டிவி ரிமோட் இருந்தால் அதன் முனையைச் செல்போன் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்து. பல போன்களில் திரையில் ஒரு சின்ன வெளிச்சம் மினுங்கும், வெறும் கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே சங்கதிதான். இதைச் செய்துவிட்டுப் பேட்டரியைத் தீர்த்துவிட்டேன் என்று அம்மாவிடம் என் பேரைச் சொல்லாதே.

நாகர்கோவில் வாசகர்: எங்கள் வீட்டு முருங்கையில் ஒரு குருவி கூடு கட்டியிருக்கிறது. ஆயிரத்து சொச்சத்துக்கு வைஃபை கேமரா கிடைக்கிறது. பக்கத்தில் கட்டி யூடியூபில் விடலாம் என்று பேரன் சொல்கிறான். செய்யலாமா?

வேண்டாம். ஏன் வேண்டாம் என்று சொல்ல எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் என் சமையலறை ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திச் செடியில் ஒரு கொண்டைக்குருவி ஜோடி கூடு வைத்தது. கிண்ணம் போல, உள்ளங்கை அகலம். மூன்று முட்டை, இளஞ்சிவப்பில் செம்புள்ளிகள். கலிஃபோர்னியாக் கழுகையே பார்க்கிறோம், நம் வீட்டுக் குருவியைப் பார்க்காவிட்டால் எப்படி என்று பழைய போனை ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன். படம் சரியாக விழவில்லை, இரண்டு இலை குறுக்கே வந்தது. கத்தரிக்கோலை எடுத்து அந்த இரண்டு இலையையும் நறுக்கினேன். அடடா, என்ன தெளிவு! குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் ஒரு வீடியோ. துபாயிலிருந்து நாத்தனார் மகன் குஞ்சுகளுக்குப் பெயர்கூட வைத்தான்.

பொரித்த ஐந்தாம் நாள் மத்தியானம். நான் உள்ளே ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். வெளியே குருவிகள் கத்துகிற கத்து வேறு மாதிரி இருந்தது. எட்டிப் பார்த்தால் செம்பருத்திக்குள் செண்பகம். சிவப்புக் கண். நான் கதவைத் திறந்து ஓடுவதற்குள் முடிந்துவிட்டது. போனில் எல்லாம் பதிவாகியிருந்தது, நல்ல தெளிவாக. நான் நறுக்கிய இலைகள் இருந்த இடைவெளி வழியாகத்தான் அது தலையை நுழைத்தது.

இலை இருந்திருந்தாலும் செண்பகம் கண்டுபிடித்திருக்கும் என்று வீட்டுக்காரர் சமாதானம் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இலையை வெட்டியது செண்பகம் இல்லையே. உறையூர்ப் பெண்ணுக்கு மேலே எழுதிய பதிலில் நான் ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி பேசியிருப்பேன். அது இந்தச் செம்பருத்தியில் கற்றது.

கேமராவைப் பறவை வரும் முன்பே வைக்க வேண்டும், வந்த பிறகு வைக்கக்கூடாது. பிக் பேரில் பண்ணுவதும் அதுதான், கூடு காலியாக இருக்கும் மாதங்களில் மட்டும் ஏறுவார்கள். பேரனுக்கு ஆசை இருந்தால் சிட்டுக்குருவிக்கு ஒரு மரப்பெட்டி செய்து, உள்ளே மேல்பக்கத்தில் கேமராவைப் பொருத்தி, வயரைச் சுவரோடு ஒட்டி இப்போதே மாட்டிவிடச் சொல்லுங்கள். குருவி வந்தால் அதன் இஷ்டம். வராமலும் போகலாம், முதல் வருடம் பெரும்பாலும் வராது. முருங்கைக் கூட்டுக்குப் பக்கத்தில் மட்டும் போகாதீர்கள். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில், காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் வேட்டை என்ற கணக்கில்தான் வருகிறது. நான் அப்போது இதைப் படித்திருக்கவில்லை.

கும்பகோணம், ஓய்வுபெற்ற ஆசிரியர்: கூடு இருக்கும் இடத்தை இப்படி ஊருக்கே காட்டினால் திருடனுக்கும் வழி காட்டியதாக ஆகாதா?

ஐயா, நியாயமான சந்தேகம். இதே சந்தேகம் ஸ்காட்லாந்தில் அறுபது எழுபது வருடம் முன்பே வந்துவிட்டது. விராலடிப்பான் தெரியுமல்லவா, குளிர்காலத்தில் நம் ஏரிகளுக்கும் வருமே, மீனைக் குத்தித் தூக்கும் பருந்து. பிரிட்டனில் வேட்டையாலும் முட்டை சேகரிப்பாலும் அது அற்றே போயிருந்தது. 1954ல் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிப் பக்கம் ஒரு ஜோடி திரும்ப வந்தது. ரகசியமாகக் காவல் காத்தார்கள். 1958ல் ஒரு ராத்திரி திருடன் மரமேறிவிட்டான். முட்டையை எடுத்துக்கொண்டு, சந்தேகம் வரக்கூடாதென்று பூட் பாலிஷ் பூசிய கோழிமுட்டையை வைத்துவிட்டுப் போனான்!

அடுத்த வருடம் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் தலைகீழாக யோசித்தார். மறைத்து வைத்துப் பயனில்லை, எல்லோருக்கும் காட்டிவிடுவோம் என்று தூரத்தில் ஒரு மறைவிடம் கட்டித் தொலைநோக்கி வைத்து ஜனங்களை வரச் சொன்னார். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அந்த வருடம் மூன்று குஞ்சு பறந்தது. ஆயிரம் கண் பார்க்கும்போது திருடுவது கஷ்டம்.

ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. அரிதான பறவை, காவலுக்கு ஆளில்லாத காடு என்றால் இடத்தைச் சொல்லாமல் இருப்பதுதான் சரி. அதனால் நம் பக்கத்துக் காட்டில் எங்கேயாவது கூட்டைப் பார்த்தால், ஊர்ப்பெயர் போட்டு முகநூலில் ஏற்றாதீர்கள்.

மெல்பர்ன் வாசகி: எனக்கு உங்கள் கழுகின் நேரம் ஒத்துவரவில்லை, எட்டு மணிக்கு அலுவலகம். இங்கே எதுவும் இல்லையா?

உங்கள் அலுவலகம் நகர நடுவில் என்றால் தலைக்கு மேலேயே இருக்கிறது. 367 காலின்ஸ் தெரு. அந்தக் கட்டடத்தில் முப்பது மாடிக்கு மேலே ஒரு விளிம்பில் பொரி வல்லூறு 1991லிருந்து குடியிருக்கிறது. முதலில் ஒரு தகர வடிகாலில் முட்டையிட்டுப் பாழாய்ப்போனது. பிறகு மனிதர்கள் சரளை பரப்பிய பெட்டி வைத்துக்கொடுத்தார்கள். வல்லூறு சுள்ளி பொறுக்குவதில்லை, சரளையில் ஒரு குழி பறித்தால் அதுதான் வீடு. ஆகஸ்ட் கடைசியில் முட்டை, அக்டோபரில் குஞ்சு, நவம்பரில் பறப்பு. கேமராவும் அந்த மாதங்களில் ஓடும். குஞ்சு பறக்கும் வாரத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கீழே நின்று மேலே பாருங்கள், அக்கம்பக்கம் இன்னும் நாலு பேர் அண்ணாந்து நிற்பார்கள். ஒன்று மட்டும்: கழுகுக் கூட்டுக்கு மீன் வரும், இங்கே வருவது புறா. இறகு பிய்ப்பதைச் சாப்பிட்டுக்கொண்டே பார்க்காதீர்கள்.

விருதுநகர் வாசகர்: அமெரிக்கா, நியூசிலாந்து எல்லாம் சரி. நம்ம ஊரில் இப்படி ஏன் இல்லை? நாம் எப்போதும் பின்தங்கித்தானே இருக்கிறோம்?

நீங்கள் விருதுநகரில் பஸ் ஏறி நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்துக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் இந்தக் கேள்வி வந்திருக்காது.

அங்கே கேமரா தேவையே இல்லை. கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள் வந்து வீட்டுக் கொல்லை மரத்திலேயே கூடு வைக்கின்றன. திண்ணையில் உட்கார்ந்து அண்ணாந்தால் குஞ்சின் அலகு தெரியும். எச்சம் தலையில் விழும், வாடை இருக்கும். துணி காயப்போட முடியாது. ஊர்க்காரர்கள் இதைத் தொல்லை என்று சொல்வதில்லை, பறவை வந்தால் மழை வரும், ஊர் செழிக்கும் என்பார்கள். தீபாவளிக்கு வெடி கிடையாது. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்த்துவிடும் வழக்கமும் உண்டு. சிவகங்கைப் பக்கம் வேட்டங்குடியிலும் பறவைக்காக வெடி வெடிப்பதில்லை. வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்து, விவசாயிகள் வெள்ளைக்காரன் காலத்திலேயே பறவைகளைச் சுடக்கூடாதென்று ஆணை கேட்டு வாங்கிவைத்தார்கள். கூட்டைப் பார்க்கவும் காக்கவும் யூடியூப் வரும்வரை நாம் காத்திருக்கவில்லை.

ஆனாலும் நீங்கள் கேட்டதில் ஒரு பாதி எனக்கும் ஏக்கம்தான். நடக்க முடியாதவர்கள், ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருப்பவர்கள் கூந்தன்குளத்துக்கு எப்படிப் போவார்கள்? ஊரார் சம்மதத்தோடு, பறவைகள் வராத மாதத்தில், ஒரு புளிய மரத்துக்கு நேரே ஒரு கேமரா வைத்தால் நான் கலிஃபோர்னியாவைக் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன். வனத்துறையில் யாராவது இதைப் படித்தால் நல்லது.

திருநெல்வேலி டவுன் வாசகி: இப்போது உங்கள் வீட்டில் ஏதாவது கூடு உண்டா ஆச்சி?

உண்டு. மாடிப்படிக்குக் கீழே தொங்கும் பழைய கேபிள் வயர் நுனியில் ஊதாத் தேன்சிட்டு ஒன்று சிலந்திநூலும் சருகுமாகப் பை போலத் தொங்கவிட்டிருக்கிறது. கேபிள்காரரை அந்தப் பக்கம் வராதே என்று சொல்லியிருக்கிறேன். பால்காரர் வாசலில் நின்று மணி அடித்துவிட்டுப் போகிறார். நான் துணி காயப்போடப் பின்பக்கமாகச் சுற்றிப் போகிறேன். முட்டை எத்தனை என்று தெரியாது.